வழியோரக் கல்லும் நிரைகாத்த வீரரும்

கொழும்பு மருதானையிலிருந்து கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்கு நெடுந்தூரம் இல்லை. அங்கே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்துப் பொறித்த கல்லொன்று வைக்கப்பட்டிருக்கின்றது. சீனக் கடற்படைத் தலைவர் செங்கோ 1409ஆம் ஆண்டினைக் குறித்து வெட்டுவித்த கல் அது. அதன் தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் எழுந்தருளியிருந்த தெனாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. இத்துணைச் சிறப்புடைய கல் 1911ஆம் ஆண்டில் எங்கே கிடைத்தது? காலி நகரத்து மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கிடைத்தது! படிப்பாரற்றுப் போன கல்லுக்கு நேரும் கதி இதுவே.

வழியோரத்திலே கல் நாட்டிப் பழங்கதையை நினைவூட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1936இல் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியபோது, எல்லைப்புறக் குடியேற்றங்களும் சண்டைகளும் நிகழ்ந்த இடங்களிலே நினைவுக்கற்கள் பலவற்றை நாட்டியது. ஆநிரை மேய்த்தோர் வாழ்ந்த அப்புன்செய் நாட்டின் வரலாற்றை, வீதிவழியே செல்வோர் இன்றும் அக்கற்களிற் படிக்கின்றனர். ஆனால் அவை நிகழ்ச்சிகள் நடந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னர் அரசினர் நாட்டியவை. தமிழகத்து நடுகற்களோ, வீரன் பட்ட செய்தி ஊராரின் நெஞ்சில் ஆறுமுன்னரே எழுந்தவை.

தமிழ்நாட்டின் வடமேற்கே திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம், அதற்கப்பால் தருமபுரி ஆகிய பகுதிகள் பண்டைநாளில் எல்லைப்புறங்களாய் இருந்தவை. பல்லவரும் கங்கரும் வாணரும் ஆதிக்கம் செலுத்த முயன்ற நிலம் அது. சவ்வாது மலைச் சாரலும் தென்பெண்ணைக் கரையும் மேய்ச்சலுக்கு ஏற்றவை. அங்கு வாழ்ந்தோர்க்கு மாடே செல்வம். ‘மாடு’ என்னும் சொல்லுக்கே செல்வம் என்னும் பொருள் உண்டு அன்றோ? ஆகவே பகைவனை வருத்த எண்ணியவர் முதலில் அவனது நிரையைக் கவர்ந்தனர். கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. இலக்கணம் கூறும் இவை வெறும் புலவர் கற்பனை அல்ல என்பதற்கு நடுகற்களே சான்று. ‘தொறு’ என்று கல்வெட்டுக்கள் கூறுவது இந்த நிரையைத்தான்.

எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது அது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கப் பொருது பட்டான் என்று அக்கல் கூறுகின்றது. அத்துடன் நிற்கவில்லை. கோவிவன் என்னும் அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற செய்தியையும் பொறித்திருக்கின்றது. இங்கே பல்லவப் பேரரசனின் பெயர் ஆண்டைக் குறிக்க மட்டுமே வந்தது. கல் எடுக்கப்பட்டதோ, எருமை காத்தவனுக்கு. உடன் புகழ் பெற்றதோ, ஒரு நாய்!

இத்தகைய கற்களிற் பலவற்றின் எழுத்து வட்டெழுத்து. காலப்போக்கில் அதனைப் படிப்பார் இல்லாதொழிந்தனர். வீரனின் பெயர் மறந்தது, ஊர் மறந்தது, போர் மறந்தது. ஆயினும் கல் அழியவில்லை. ஏன்? அப்பகுதி மக்கள் பல கற்களை வேடியப்பன் என்று வழிபட்டனர். மஞ்சளும் குங்குமமும் சாத்திப் பொங்கலிட்டனர். தெய்வம் என்று கைகூப்பிய கல்லை மதகுக்கு எடுத்துச்செல்ல எவர் துணிவர்? பெயரை மறந்த மக்களே கல்லைக் காத்தனர். அக்கல்லே பின்னர் பெயரை மீட்டுத் தந்தது.

தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் செங்கம் நடுகற்களை நூலாக வெளியிட்டபோது, நெடுங்காலம் பேசாதிருந்த வீரர்கள் மீண்டும் பேசினர். 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலே தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ‘ஆகோள்’ பூசலில் இறந்த அந்தவன் என்பானைக் குறிப்பது. அறிஞர் அதனைக் கிறிஸ்துவுக்கு முற்பட்டதென்பர். எடுத்தனூர் வீரனுக்குப் பல நூற்றாண்டு முன்னரே இந்த மரபு வேரூன்றியிருந்தமை இதனாற் புலனாகும்.

வீதிகள் அகல்கின்றன; வயல்கள் மனைகளாகின்றன. வழிபாடு குன்றிய இடத்திலே கல்லுக்குக் காவல் இல்லை. இனி அறிவே காவலாதல் வேண்டும். தமிழகத்திலாயினும் இலங்கையிலாயினும் எழுத்துடைய பழங்கல்லைக் கண்டவர் அதனைச் சுரண்டவோ பெயர்க்கவோ கூடாது. தொல்பொருட்டுறையினர்க்கு அறிவித்தல் வேண்டும். கல் நின்ற இடமும் வரலாற்றின் ஒரு பகுதியே. எந்த வழியில் நிரை சென்றது, எங்கே அவன் மறித்தான் என்பதை அந்த இடமே சொல்லும். எருமைக்காக உயிர்கொடுத்தவனின் பெயரைக் கல்லிலே எழுதத் தவறாத ஒரு சமுதாயத்தின் வழிவந்தோர், அதனைப் படிக்கவாவது தவறலாகாது.