இசைவும் தண்டமும் ஒரே சொல்லில்



அயல் மாநிலங்களில் வாழும் தமிழர்களின் கைக்கு அலுவலகக் கடிதங்களும் வங்கிக் கடிதங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வந்து சேர்கின்றன. அவற்றில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு சொல் 'சாங்ஷன்'. பார்வைக்கு எளிய சொல்தான். ஆயினும், மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் இதைக் கண்டவுடன் எழுதுகோலைச் சற்றே நிறுத்துகிறோம். ஏனெனில், ஓரிடத்தில் இது இசைவைக் குறிக்கும். மற்றோரிடத்தில் தண்டத்தைக் குறிக்கும். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், கடிதம் பெற்றவரின் மன அமைதிக்கே கேடு நேரும்.

நேர்மாறான இவ்விரு பொருள்கள் ஒரே சொல்லில் குடிபுகுந்தது எங்ஙனம்? இதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. புனிதமாக்குதல், மீறவொண்ணாததாக நிலைநாட்டுதல் என்பது அவ்வேரின் கருத்து. திருத்தொண்டரைக் குறிக்கும் 'செயின்ட்' என்னும் சொல்லும் அதிலிருந்து கிளைத்ததே. ஆங்கிலத்தில் புகுந்த தொடக்கத்தில் 'சாங்ஷன்' என்பது சட்டம் அல்லது ஆணை என்னும் பொருளில் வழங்கிற்று. ஆணைக்கு இரு கைகள் உண்டு. ஒரு கை 'செய்க' என்று இசைவளிக்கும். மறு கை மீறியவனை ஒறுக்கும். நாளடைவில் இரு கைகளும் அப்பெயரையே தாங்கலாயின. 1832-ல் வெளிவந்த தம் சட்டவியல் நூலில் ஜான் ஆஸ்டின், கட்டளையை மீறுவோனுக்கு நேரும் தீங்கையே இச்சொல்லால் குறித்தார்.

அலுவலக வழக்கில் மேலோங்கி நிற்பது இசைவுப் பொருளே. செலவுக்கும், பணியிடத்துக்கும், ஓய்வூதியத்துக்கும் உரிய அதிகாரி அளிக்கும் இசைவு அது. வடபுலத்தார் 'மஞ்சூரி' என்பர். ஆட்சித் தமிழில் 'ஒப்பளிப்பு' என்போம். தில்லியில் வரும் மின்கட்டணச் சீட்டில் 'சாங்ஷன்டு லோடு' இத்தனை கிலோவாட் என்று கண்டிருக்கும். அவ்வீட்டுக்கு ஒப்பளிக்கப்பட்ட மின்பளு அது. அம்மாதம் செலவான மின்சாரம் அன்று.

வங்கியின் 'சாங்ஷன் லெட்டர்' இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கடன் தர வங்கி இசைந்துவிட்டது என்பதே அதன் பொருள். பணம் கைக்கு வந்துவிட்டது என்பதன்று. பத்திரங்கள் ஆராயப்பட்டு, ஒப்பந்தம் கையொப்பமாகி, நிபந்தனைகள் நிறைவேறிய பின்னரே பணம் வழங்கப்படும். அதற்கு ஆங்கிலத்தில் 'டிஸ்பர்ஸ்மென்ட்' என்று வேறு பெயர். ஒப்பளிப்பை மட்டும் நம்பி, வீடு விற்பவருக்குப் பெருந்தொகை தருவதாக நாள் குறித்துவிட்டால் இடர்ப்பட நேரும்.

அரசு ஊழியர் குடும்பத்தைக் கலங்கவைப்பது மற்றொரு தொடர்: 'சாங்ஷன் ஃபார் ப்ராசிக்யூஷன்'. இதைத் தண்டனை என்று எண்ணி ஊரிலுள்ள பெற்றோருக்கு எழுதிவிட்டால் அவர்கள் என்ன பாடுபடுவர்! உண்மையில் இது வழக்குத் தொடர்வதற்கான இசைவு மட்டுமே. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், 19-ஆவது பிரிவில் இத்தகைய முன் இசைவை வேண்டுகிறது. குற்றம் மெய்யா பொய்யா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும். இசைவு அளிக்கப்பட்டதனாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடார்.

இனிச் செய்தித்தாளுக்கு வருவோம். அங்கே இச்சொல் பெரும்பாலும் பன்மையில் நடமாடும். ஒரு நாட்டின்மீது பிற நாடுகள் விதிக்கும் தடைகளைக் குறிக்கும். எத்தியோப்பியாவின்மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக 1935-ல் சர்வதேச சங்கம் விதித்தவையும், 1966-ல் தெற்கு ரொடீஷியாவின்மீது ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் விதித்தவையும் இவ்வகையின. இங்கே 'ஒப்பளிப்பு' என்று எழுதினால், தடுக்கப்பட்ட நாடு ஆதரிக்கப்பட்ட நாடாகிவிடும். இந்தியில் இதற்குப் 'பிரதிபந்த்' என்றும், தமிழில் 'பொருளாதாரத் தடை' என்றும் தனிச் சொற்கள் உள்ளன. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதை நம் மொழிகள் பிரித்தே வழங்குகின்றன.

ஆகவே, இச்சொல்லைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்க. தருபவர் யார்? அது எதற்காக, அல்லது யாருக்கு எதிராக? ஒருமையா, பன்மையா? இவற்றுக்கு விடை கண்டால் பொருள் பெரும்பாலும் தெளிவாகும். அதன் பின்னும் ஐயம் எஞ்சினால், கடிதம் விடுத்த அலுவலகத்தையே கேட்டறிவது நலம். அதற்கு நாணவேண்டுவதில்லை, அறிந்தோரையும் மயங்கவைக்கும் சொல் இது.