வைக்கோலின் சர்க்கரையும் கழுவுநீரின் கணக்கும்



பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே சில வாரங்களே கிடைக்கின்றன. அறுவடை எந்திரம் விட்டுப்போன தாளை அந்த அவசரத்தில் கொளுத்திவிடுகிறார்கள். தஞ்சைப் பக்கம் நெல் வைக்கோல் மாட்டுக்குப் போகும். பஞ்சாப் பக்கம் தீவனம் என்றால் கோதுமை வைக்கோல்தான். எரிந்துபோகும் அந்தத் தாளை எத்தனாலாக்க இந்தியன் ஆயில் நிறுவனம் பானிபட்டில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஓர் ஆலை கட்டியது. 2022 ஆகஸ்டு 10 அன்று அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம்.

டன்னுக்கு 150 லிட்டர். கணக்கு எளிது, வேலை கடினம். வைக்கோலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ். அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், போதாக்குறைக்குச் சிலிக்கா. நொதி உள்ளே நுழைய இடமில்லை. அந்த இடத்தை உண்டாக்குவதுதான் இக்கருத்தரங்கின் பொருளான முன்பதப்படுத்தல்.

இதில் அமிலம் பழைய கை. 1819-இலேயே பிரான்சின் ஆன்றி பிராகோனோ கந்தல் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துவிட்டார். இன்று 1 விழுக்காட்டை ஒட்டிய நீர்த்த அமிலமும் 160 டிகிரி அளவு வெப்பமும் போதும். சில நிமிடங்களில் ஹெமிசெல்லுலோஸ் சைலோஸாகக் கரைந்து வரும். வெப்பமோ நேரமோ கொஞ்சம் மீறினால் அந்தச் சைலோஸே ஃபர்ஃபுராலாகிவிடும். கலத்தின் மூடியைத் திறந்ததும் வாதுமை மணம் எழும். மணம் நன்றாகத்தான் இருக்கும். ஈஸ்டுக்கு அது நஞ்சு. தப்பிய சைலோஸையும் சாதாரண ரொட்டி ஈஸ்டு தொடாது. எஞ்சிய அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டு முறித்தால் ஜிப்சம் சேறு குவிகிறது. அதை எங்கே கொட்டுவது என்று ஆய்வுக்கட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

காரம் வேறு வழியில் போகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு குறைந்த வெப்பத்திலேயே லிக்னினைப் பிரித்துவிடும், சிலிக்காவையும் கரைக்கும். மிஞ்சுவது கரிய நீர். காரத்தை மீட்க அதைக் காய்ச்சினால் சிலிக்கா குழாய்களில் படிகிறது. வைக்கோலில் கூழ் எடுத்த காகித ஆலைகள் இந்தத் தொல்லையை எப்போதோ பட்டுவிட்டன.

அம்மோனியா ஆவியாகக்கூடியது, பிடித்து மறுபடி பயன்படுத்தலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டூபாண்ட் 2015-இல் திறந்த ஆலை மக்காச்சோளத் தட்டையை அம்மோனியாவால்தான் பதப்படுத்தியது. இரண்டே ஆண்டில் அதிலிருந்து நிறுவனம் விலகியது. டௌ நிறுவனத்தோடு நடந்த இணைப்பும் அந்த முடிவில் இருந்தது என்பதால் பழியை வேதியியல் தலையில் மட்டும் போடுவது நியாயமல்ல. அதே மாநிலத்தின் எம்மெட்ஸ்பர்க்கில் 2014-இல் தொடங்கிய ஆலையோ முன்பதப்படுத்தும் பகுதியோடுதான் வெகுகாலம் மல்லுக்கட்டியது. 2019-இல் வணிக உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

ஆய்வகத்தில் சில கிராம் வைக்கோலை வாளி வாளியாக நீரூற்றிக் கழுவிவிட்டு, 90 விழுக்காடு சர்க்கரை கிடைத்தது என்று எழுதுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கட்டுரை வாசிக்க வந்திருப்போர் ஒவ்வொருவரும் ஒரு கிலோ வைக்கோலுக்கு எவ்வளவு வேதிப்பொருள் போனது, எவ்வளவு மீண்டது, கழுவ எத்தனை லிட்டர் தண்ணீர் ஆனது என்ற மூன்று எண்களையும் விளைச்சலோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அவை இல்லாத கட்டுரையை அமர்வுத் தலைவர்கள் தயங்காமல் கேள்வி கேட்க வேண்டும்.