கரை அடைக்க வந்த கைகள்

(ஊராட்சித் தலைவர்கள், செயலர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



அடைமழையில் கண்மாய்க் கரை உடைந்தால், தச்சரும் கொத்தரும் தத்தம் கருவிகளை வைத்துவிட்டு மண் சுமக்க ஓடிவருவதைப் புதுக்கோட்டைச் சீமையில் நாம் யாவரும் அறிவோம். 2020-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது நமது ஆஸ்பத்திரிகளிலும் இதுவே நிகழ்ந்தது.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், அவசரமற்ற ரண சிகிச்சைகளைத் தள்ளிவைக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. படுக்கைகளும் சுவாசக் கருவிகளும் தொற்றுநோயாளருக்குத் தேவைப்பட்டன. இருதயம், மூளை முதலிய உறுப்புகளின் உயர் சிகிச்சைக்கென அமைந்த சென்னை ஓமந்தூரார் அரசினர் மருத்துவமனை கொரோனா மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அரசினர் மருத்துவக் கல்லூரிகளில் எலும்பு, கண், காது நிபுணர்களும் முறைவைத்துத் தொற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றினர்.

கத்தி பிடித்துத் தேர்ந்த கைக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் ஐயுறலாம். தொண்டைச் சளி மாதிரி எடுத்தல், இரத்தத்தில் பிராணவாயுவின் அளவைக் கண்காணித்தல், மூச்சுத் திணறுவோரைக் குப்புறப் படுக்கவைத்தல், வெளியே கலங்கி நிற்கும் உறவினருக்கு நிலைமையை எடுத்துரைத்தல் ஆகியவை சிறு பணிகள் அல்ல. ஆயினும் மருந்தையும் சுவாசக் கருவியையும் பற்றி முடிவு செய்ய வேண்டியவர்கள் பொது மருத்துவ நிபுணரும் மயக்க மருந்து நிபுணருமே. கரையடைப்பில் மடையின் இயல்பறிந்த நீர்பாய்ச்சியின் சொற்படி யாவரும் நடப்பதைப் போன்றது இது. தம் துறையில் தேர்ந்தவர் பிறர் சொற்கேட்டு உழைப்பது எளிதன்று.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நிபுணர்கள் இடம் மாறியபோது, கண் புரையோடும் குடலிறக்கத்தோடும் கிராமங்களில் காத்திருந்தோர் பலர். அவர்களுடைய பெயர்களை நமது வட்டாரத்தில் நாம் எழுதிவைக்கவில்லை. இக்குறை நம்முடையதே.

இனியொரு கொள்ளைநோய் வருமாயின், ரண சிகிச்சை தள்ளிப்போனவர்களின் பட்டியலை ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சுகாதாரச் செவிலியரோடு சேர்ந்து தயாரிப்போம். குடலிறக்க வீக்கம் உள்ளே செல்லாமல், வலியும் வாந்தியும் கண்டால் அது காத்திருக்கத் தக்க நோயன்று. உடனே 108 ஊர்தியை அழைப்போம். தொற்று தணிந்ததும், நோயின் கடுமையையும் காத்திருந்த நாட்களையும் கருதி, அவர்களை வரிசைப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்போம். 2017-ம் ஆண்டு முதல் நமது மாவட்டத்திலேயே அரசினர் மருத்துவக் கல்லூரி இருப்பது இதற்குப் பெருந்துணையாகும்.

கரை அடைக்கச் சென்றவரின் வயலைக் காப்பது ஊராரின் கடமையன்றோ?