உட்கார ஓர் இடம்!

(தொண்டர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாடகக்காரன் நான். கல்லூரிப் படிப்பை நடுவழியில் விட்டுவிட்டு நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தவன். அங்கே நான் கற்ற முதற்பாடம் வசனமன்று; நாற்காலி! மேடை நடுவே ஒரு நாற்காலியைப் போடுங்கள். அமர்பவன் அரசனாகிறான், நிற்பவன் ஏவலனாகிறான். அதை அகற்றிவிடுங்கள், இருவரும் நடந்தபடியேதான் பேசியாக வேண்டும். நடிகன் அறியாமலே அவன் நடையை மேடையமைப்பு வகுத்துவிடுகிறது.

நகரமும் அத்தகைய மேடையே! சுவரும் வேலியும், படியும் பலகையும், வாயிலும் பூட்டும் வாய் திறந்து பேசுவதில்லை. எனினும் 'வா' என்றும் 'போ' என்றும் நாள்தோறும் நமக்கு ஆணையிடுகின்றன.

கற்பனையன்று இது, கண்டறியப்பட்ட உண்மை. நியூயார்க் நகரைப் பாருங்கள். வானளாவிய மாளிகைகள் வளர வளர, மண்ணில் நடப்பவனுக்கு மூச்சுத் திணறிற்று. 1961-இல் அந்நகரம் ஒரு விதி செய்தது. கட்டட நெருக்கம் மிகுந்த பகுதிகளில், மாளிகை எழுப்புவோர் மக்களுக்கென ஒரு சதுர அடி திறந்தவெளி விட்டால், பத்துச் சதுர அடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவ்விதி. ஒன்று கொடுத்தால் பத்து! வணிகன் விடுவானா? மாளிகைதோறும் முற்றங்கள் முளைத்தன. ஏட்டிலே மக்கள் மன்றம். எதிரிலே மனிதரற்ற பொட்டல்! பல முற்றங்களில் ஈ, காக்கையும் இல்லை.

ஏன் என்று கேட்டார் ஒருவர். வில்லியம் ஒயிட் என்பது அவர் பெயர், எழுத்தாளர். 1970-களின் தொடக்கத்தில், இளந்துணைவர் சிலருடன் கூரைகளின்மீது காமிராக்களை நிறுத்தினார். எவர் வந்தார், எங்கே அமர்ந்தார், எவ்வளவு நேரம் தங்கினார் என்று எண்ணினார். கதிரவன் ஒளியா காரணம்? கட்டட அழகா? பரப்பளவா? ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தார். இறுதியில் கிடைத்த விடை என்ன தெரியுமா? உட்கார இடமிருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள்!

சிரிக்கிறீர்கள்; சிரியுங்கள். ஆனால் இந்த எளிய உண்மை எத்தனை வல்லுநர் கண்ணுக்குத் தப்பியது! 1958-இல் எழுந்த சீகிராம் மாளிகையின் முற்றத்தில் அகன்ற படிகளும் தாழ்ந்த விளிம்புகளும் இருந்தன. நண்பகலில் மக்கள் கூடினர். வேறு மாளிகைகளிலோ, அமரத்தக்க விளிம்புகளில்கூடக் கூரிய கம்பிகளைப் பதித்து வைத்திருந்தனர்! திறந்தவெளி மக்களுக்காம், திண்ணை மட்டும் இல்லையாம்!

மேலும் கண்டார் ஒயிட். மனிதரை ஈர்ப்பது மனிதரே என்று கண்டார். நகர்த்தத்தக்க நாற்காலி இருந்தால், நிழலுக்கும் நட்புக்கும் ஏற்ப மக்கள் அதை இழுத்துப் போட்டுக்கொள்வதைக் கண்டார். நன்கு அமைந்த இடங்களில் பெண்கள் கூடுதலாக வருவதையும், தின்பண்ட வண்டி நிற்கும் இடத்தில் கூட்டம் சேர்வதையும் கண்டார். 1975-இல் விதி திருந்தியது. முற்றத்தின் ஒவ்வொரு முப்பது சதுர அடிக்கும் ஓர் அடி நீள இருக்கை வேண்டும் என்றாயிற்று.

"அமர விட்டால் அயோக்கியனும் வருவானே!" என்பர் சிலர். அவர்களுக்கு பிரையன்ட் பூங்கா விடை சொல்லும். அதே நியூயார்க்கில், பெரிய நூலகத்தின் பின்புறம் இருப்பது அது. தெருவைவிட உயர்ந்த தரை, சுற்றிலும் இரும்பு வேலி, அடர்ந்த செடிவரிசை. உள்ளே நடப்பது வெளியே தெரியாது. 1970-களில் அங்கே போதைப்பொருள் வணிகர் குடிகொண்டனர். மறைப்பை நீக்குங்கள், வழிகளைத் திறந்து விடுங்கள் என்றார் ஒயிட். 1992-இல் பூங்கா புதுக்கோலம் பூண்டு திறக்கப்பட்டது. தூய்மையும் காவலும் கூடின. நகர்த்தும் நாற்காலிகள் வந்தன. நண்பகலில் மக்கள் நிறைந்தனர். நல்லோர் நிறைந்த இடத்தில் தீயோர்க்கு மறைவிடம் ஏது?

மாறான பாதையையும் காணுங்கள். இலண்டனின் கேம்டன் பகுதியில் 2012-இல் ஒரு கான்கிரீட் இருக்கை வந்தது. எவனும் படுத்துறங்க முடியாதபடி அதன் முதுகெங்கும் சரிவு! 2014-இல் அதே மாநகரில், ஒரு குடியிருப்பின் வாயிலோரம் வீடற்றோர் படுக்காதிருக்க இரும்பு முனைகளைப் பதித்தனர். மக்கள் சினந்தெழுந்தனர், முனைகள் அகற்றப்பட்டன. வறுமையை ஒழிக்க வழி தேடாமல் வறியவனை ஒளிக்க வழி தேடுவதா அறிவு?

இலண்டன் தொலைவு என்று எண்ணாதீர்! நான் வளர்ந்த ஊரில், பேருந்து நிலையத்தருகே புங்கமரத்தடியில் ஒரு கல்பலகை கிடந்தது. கல்லூரியை விட்டு வந்த நாட்களில், தெருவிளக்கு வெளிச்சத்தில் என் முதல் நாடகத்தை அதன்மீதுதான் எழுதினேன். பக்கத்தில் கூடைக்காரப் பாட்டி கால் நீட்டி இளைப்பாறுவாள். பின்னொரு நாள், அழகுபடுத்துகிறோம் என்றனர். மரம் போயிற்று, கல் போயிற்று. சாய்ந்து நிற்க ஓர் இரும்புக் குழாய் வந்தது. குழாய் பளபளத்தது, பாட்டி வெயிலில் தரையில் அமர்ந்தாள்.

தோழர்களே! நாளை உங்களில் சிலர் நகர்மன்ற உறுப்பினராவீர். பூங்காவும் விளையாட்டுத் திடலும், 1992-இன் 74-ஆவது திருத்தம் தந்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டமோ, நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடத்தைத் தெரு வணிகர்களுக்கே தந்திருக்கிறது. எனவே வண்ண வரைபடத்தை உங்கள் முன் விரிக்கும்போது மயங்காதீர். நான்கு கேள்வி கேளுங்கள். உட்கார இடம் எங்கே? நிழல் எங்கே? வாயில் எத்தனை மணிவரை திறந்திருக்கும்? சுண்டல் விற்பவனுக்கு இடம் உண்டா?

விடை கிடைக்காவிடில் கையொப்பமிடாதீர்! கூடைக்காரப் பாட்டி அரியணை கேட்கவில்லை. கால் நீட்ட ஒரு கல்பலகை கேட்கிறாள். அதைக்கூடத் தராத நகருக்கு அழகெதற்கு?