கணக்குக் கேட்பது உறுப்பினரின் கடமை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின்னர் சிறிது நேரம் உரையாற்றுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். சற்று முன்னர் கணக்கு வாசிக்கப்பட்டபோது, கையில் வழங்கப்பட்ட தாளை நம்மில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்தோம் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே ஆகும். உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு நிறுவனங்களில் தலைமை எங்ஙனம் நேர்மையாக நிலைக்கும், அதற்கு உறுப்பினர் ஆற்ற வேண்டிய பணி யாது என்பதைச் சிந்திக்க விழைகிறோம்.

இங்கே அமர்ந்திருப்போரில் பலர் ஏதேனும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத்தொகை செலுத்தியவர்கள். பணியாளர் சிக்கன நாணயச் சங்கம், நெசவாளர் சங்கம், பால் உற்பத்தியாளர் சங்கம், வீட்டு வசதிச் சங்கம், தொடக்க வேளாண்மைக் கடன் சங்கம் என்று அவை பல வகைப்படும். வட்டியைக் குறித்த மார்க்கச் சட்டத்தை ஆலிம் பெருமக்களிடமே விட்டுவிடுகிறோம். பொதுப் பணத்தைக் கையாளுவோரின் பொறுப்பு மட்டுமே இன்றைய பேச்சு.

நாங்கள் இட்ட கையொப்பம்

பிறர் குறையைக் கூறுமுன் எங்கள் குறையைக் கூறிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிறு சிக்கனச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் நாங்கள் ஐவர் இருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அதன் செயலாளர் எல்லோராலும் நேசிக்கப்பட்டவர். யாருக்கு அவசரம் நேர்ந்தாலும் முதலில் வந்து நிற்பவர். மாதந்தோறும் ரொக்கப் புத்தகத்தை எங்கள் வீடுகளுக்கே கொண்டுவருவார். தேநீர் அருந்திக்கொண்டே நாங்கள் கையொப்பமிடுவோம். வங்கிப் பாஸ்புத்தகத்தைக் காட்டுங்கள் என்று ஒரு முறையேனும் எவரும் கேட்கவில்லை. கேட்டால் அவர் மனம் நோகும் என்று எண்ணினோம். “நம்மவர்தானே” என்னும் ஒரு சொல்லே எங்களுக்குத் தணிக்கையாக இருந்தது.

தணிக்கையாளர் வந்தபோது, ஏட்டில் இருந்த இருப்பும் வங்கியில் இருந்த இருப்பும் பொருந்தவில்லை. வீட்டில் ஒருவருடைய மருத்துவச் செலவுக்காகச் செயலாளர் ஒரு தொகையை எடுத்திருந்தார். அடுத்த மாதமே திருப்பிக் கட்டிவிடலாம் என்று எண்ணியிருந்தார். அடுத்த மாதம் இயலவில்லை. அதற்கடுத்த மாதம் மேலும் சிறிது எடுக்க நேர்ந்தது. இறுதியில் தம் வீட்டு மனையை விற்றுப் பணத்தை முழுவதும் கட்டினார். எவருடைய பணமும் போகவில்லை. எனினும் அதன் பின்னர் அவர் நம் தெருக்களில் தலைநிமிர்ந்து நடந்ததை நாங்கள் காணவில்லை.

முதல் மாதத்திலேயே எங்களில் ஒருவர் பாஸ்புத்தகத்தைக் கேட்டிருந்தால் அவர் அன்றே தம் துன்பத்தைக் கூறியிருப்பார்; முறையாகக் கடன் வழங்கியிருக்கலாம். அவருடைய மனையும் மானமும் தப்பியிருக்கும். கணக்குக் கேட்பது சந்தேகம் என்று கருதினோம். பொறுப்பில் இருப்பவருக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவியே அதுதான் என்பதைக் காலந்தாழ்த்தி உணர்ந்தோம். இவ்வுரையில் நாம் சொல்ல வந்ததும் இவ்வளவே. இதற்குச் சான்றாகச் சில செய்திகளை மட்டும் முன்வைக்கிறோம்.

நல்லவர் ஒருவர் போதுமா?

1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களில் பலர் நெசவாளர். ஆளுக்கு ஒரு பவுண்டு என்று சிறுகச் சேர்த்த 28 பவுண்டுதான் முதல். கலப்படமற்ற பொருள், சரியான எடை, பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பவை அவர்கள் வகுத்த நெறிகள். உலகெங்கும் கூட்டுறவு இயக்கம் இன்றும் அந்நெறிகளையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் ராய்ஃபைசன் என்னும் ஊர்த்தலைவர், கந்துவட்டியில் சிக்கிய உழவர்களுக்காகக் கிராமக் கடன் சங்கங்களை உருவாக்கினார். சென்னை மாகாண அரசு, அச்சங்கங்கள் நம் நாட்டுக்குப் பொருந்துமா என ஆராயுமாறு பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. ராய்ஃபைசனைப் போன்ற ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவின் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண்மைக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் தோன்றின. நம் நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. திருவிதாங்கூரில் கூட்டுறவுச் சட்டம் 1914இல் வந்தது.

நிக்கல்சன் நல்ல மனிதரைத் தேடியது சரியே. ஆயினும் ராய்ஃபைசன் தம் நற்குணத்தை மட்டும் நம்பிச் சங்கத்தை அமைக்கவில்லை. சங்கம் கடன்பட்டால் ஒவ்வோர் உறுப்பினரும் தம் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பேற்க வேண்டும் என்று வகுத்தார். ஒருவரையொருவர் நன்கறிந்த சிற்றூர் எல்லைக்குள்ளேயே சங்கம் இயங்கியது. நிர்வாகிகளுக்கு ஊதியம் இல்லை. நிர்வாகக் குழுவைக் கண்காணிக்க உறுப்பினரே தேர்ந்தெடுத்த மற்றொரு குழு இருந்தது. தம் வீடும் நிலமும் பிணையாக நிற்கையில் எந்த உறுப்பினரும் கணக்கைக் கேளாமல் உறங்கமாட்டார் அல்லவா? நல்லவரைத் தலைவராக்கிய பின்னரும் அவரைக் கேள்வி கேட்கும் ஏற்பாட்டை அவர் விட்டுவிடவில்லை.

நம் கடற்கரையின் பாடம்

தொலைநாட்டுச் செய்தி போதும். நாகர்கோவிலில் இருந்து பேருந்தில் சென்று சேரக்கூடிய முட்டம் முதலிய கடற்கரை ஊர்களைப் பார்ப்போம். முன்னாளில் மீனவர் வலைக்கும் மரத்துக்கும் தரகரிடமோ வியாபாரியிடமோ முன்பணம் பெறுவர். முன்பணம் கொடுத்தவருக்கே மீன்பாட்டை விற்க வேண்டும். விலையைச் சொல்பவரும் அவரே. கடன் எவ்வளவு கழிந்தது என்பதும் அவர் கூறுவதுதான். அரசு ஏட்டில் பதிவான மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. ஆனால் அவற்றுள் பல, கடலுக்குச் செல்லாதோரின் கையில் இருந்தன.

இந்நிலையை மாற்றவே கோட்டாறு சமூக சேவைச் சங்கம் முதலான அமைப்புகளின் துணையுடன் குமரிக் கடற்கரையிலும், மரியநாடு போன்ற திருவனந்தபுரம் மாவட்ட ஊர்களிலும் புதிய மீனவர் சங்கங்கள் உருவாயின. ஊர்ச் சங்கம், மாவட்டக் கூட்டமைப்பு, தலைமை அமைப்பு என மூன்று படிகளாக அமைந்த அவ்வியக்கத்தின் தலைமை அமைப்பாகத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980இல் திருவனந்தபுரத்தில் ஏற்பட்டது.

அச்சங்கங்களின் நடைமுறையைக் கூர்ந்து நோக்குக. கடலுக்குச் செல்லும் மீனவரே உறுப்பினராகலாம். வியாபாரிக்கும் தரகருக்கும் இடமில்லை. பிடித்த மீன் கரையிலேயே, எல்லோர் முன்னிலையிலும், சங்கத்தின் பணியாளரால் ஏலம் விடப்படும். விலை பலர் காதில் விழும். விற்ற தொகையில் சங்கத்தின் பங்கு, உறுப்பினரின் சேமிப்பு, கடன் தவணை ஆகியவை கழிக்கப்பட்டு மீதி உரியவருக்கு வழங்கப்படும். மீன்பாடு மிகுந்த நாளில் கூடுதலாகவும் குறைந்த நாளில் குறைவாகவும் கடன் கழியும்.

இவ்வமைப்பில் நிர்வாகி நேர்மையானவரா என்று ஆண்டுக்கொரு முறை கூடி ஆராய வேண்டியதில்லை. கணக்கு நாள்தோறும் கரையில் உறுப்பினர் கண்ணெதிரே நடக்கிறது. அதிகம் எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் தம் மீன் என்ன விலைக்குப் போயிற்று என்பதைக் காதால் கேட்கிறார். கையில் வந்த தொகையோடு ஒப்பிடுகிறார். உறுப்பினருக்குப் புரியும் வடிவில் கணக்கு இருக்க வேண்டும் என்பதே நாம் பெறும் பாடம்.

மூடிவைத்த கணக்கு

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றையும் கேளுங்கள். பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி 1984இல் மும்பையில் சிறிய அளவில் தொடங்கப்பட்டது. 2019இல் அதற்கு 137 கிளைகளும் 11,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வைப்புத்தொகையும் இருந்தன. ஆண்டறிக்கைகள் அழகாக வெளிவந்தன, இலாபமும் காட்டப்பட்டது. ஆனால் வழங்கிய கடனில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குச் சென்றிருந்தது. அதனை மறைக்க 21,000க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் எழுதப்பட்டிருந்தன. 2019 செப்டம்பர் 23ஆம் நாள் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, ஒருவர் தம் கணக்கிலிருந்து எடுக்கக்கூடிய தொகை முதலில் 1,000 ரூபாய் மட்டுமே. வாழ்நாள் சேமிப்பை வைத்திருந்த முதியோர் வங்கி வாயிலில் அழுது நின்றனர். பின்னர் 2022 ஜனவரியில் அவ்வங்கி மற்றொரு வங்கியுடன் இணைக்கப்பட்டது.

அண்டையிலுள்ள திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூர் சேவைக் கூட்டுறவு வங்கியிலும் 2021இல் பெரும் முறைகேடு வெளிப்பட்டது. தம் பெயரில் கடன் இருப்பதையே அறியாத உறுப்பினர்களுக்கு நோட்டீசு வந்தது. அதே ஆண்டில் நம் மாநிலத்தில் 5 பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடிக்காக ஏடுகள் ஆராயப்பட்டபோது, சில சங்கங்களில் போலி நகைக்குக் கடன் வழங்கியிருந்ததும், ஒருவரே பல கடன்கள் பெற்றிருந்ததும் தெரியவந்தன. அங்கெல்லாம் தலைவர், செயலாளர், தணிக்கை, பொதுப் பேரவை யாவும் இருந்தன. இருந்தும், கேட்க வேண்டியவர்கள் உரிய காலத்தில் கேட்கவில்லை.

நம் கையில் உள்ள உரிமை

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983, சங்கத்தின் உயர் அதிகாரத்தைப் பொதுப் பேரவைக்கே, அதாவது உறுப்பினர்களுக்கே வழங்குகிறது. 81ஆம் பிரிவின்படி விசாரணையும், 82ஆம் பிரிவின்படி ஆய்வும், 87ஆம் பிரிவின்படி இழப்பை ஏற்படுத்தியவரிடமிருந்து வசூலிக்கும் தண்டத் தீர்வை நடவடிக்கையும் உண்டு. ஆனால் இவை நோய் முற்றிய பின் செய்யும் சிகிச்சைகள். அதற்கு முன்னரே நாம் செய்யக்கூடியவை சில உள்ளன.

உறுப்பினராகச் சேரும் நாளிலேயே துணைவிதிகளின் படி ஒன்றைப் பெற்றுப் படித்துவிடுவோம். பேரவைக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்வோம். அறிக்கையை முன்னதாகவே கேட்டுப் பெறுவோம். நிகர இலாபம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், தவணை தவறிய கடன் எவ்வளவு, நிர்வாகக் குழுவினருக்கும் அவர்தம் உறவினருக்கும் வழங்கிய கடன் எவ்வளவு, சென்ற தணிக்கையில் சுட்டிய குறைகள் நீக்கப்பட்டனவா என்று வினவுவோம். ஆண்டுக்கொரு முறையேனும் நம் பெயரில் உள்ள பற்று வரவை ஏட்டோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடுவோம். கேள்வியை மென்மையாகவும் பேரவையிலேயும் கேட்போம். தேநீர்க்கடையில் புறம் பேசுவது கணக்குக் கேட்பது ஆகாது.

பொறுப்பில் இருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். எவரும் கேட்குமுன் ஏட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் கையொப்பத்தால் பணம் எடுக்க இயலாதவாறு செய்யுங்கள். உங்களுக்கே இடர் வந்தால் சங்கத்தின் பணத்தைத் தொடுமுன் தோழர்களிடம் வாய்திறந்து கூறுங்கள். கேள்வி கேட்டவரைப் பகைவராக எண்ணி ஒதுக்கினால், அடுத்த ஆண்டு எவரும் கேட்கமாட்டார். அவ்வமைதியை நம்பிக்கை என்று நீங்கள் தவறாகக் கருதிவிடக்கூடும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருளை அமானிதம் என்கிறோம். அதனைக் காக்கும் பொறுப்பு வாங்கி வைத்தவருக்கு மட்டும் உரியது என்று இதுநாள்வரை எண்ணியிருந்தோம். ஒப்படைத்தவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதே அந்தச் செயலாளரின் கதை எங்களுக்குக் கற்பித்தது.

எனவே, இக்கூட்டம் முடியுமுன் ஒரு சிறு செயலைச் செய்வோம். உங்கள் கையில் உள்ள வரவு செலவுத் தாளை ஒரு முறை விரித்துப் படியுங்கள். விளங்காத வரி ஏதேனும் இருந்தால் எழுந்து கேளுங்கள். நம் பொருளாளர் அதற்கு மகிழ்ந்தே விடையளிப்பார் என்னும் நம்பிக்கையுடன் விடைபெறுகிறோம்.