பின் ஆசனத்துக்கும் பட்டி உண்டு

மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் தாண்டி மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் கார் எதிலாவது மோதினால் கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னே பாய்வார். ஏறத்தாழ மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமன் அது. ஆசனப் பட்டி அந்த விசையைத் தோள், நெஞ்சு, இடுப்பு எலும்புகளுக்குப் பகிர்ந்துவிடும். தலை கண்ணாடியில் அடிபடும் ஆபத்தும் குறையும். முன் ஆசனத்தில் இருப்போரின் மரண ஆபத்தை இது பாதியளவுக்குக் குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இலங்கையில் 2011 முதல் முன் ஆசனங்களுக்குப் பட்டி கட்டாயம். அதற்காகப் பின்னால் இருந்தால் ஆபத்தில்லை என்பது தப்புக்கணக்கு. 2022இல் மகாராஷ்டிராவில் கார் விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பின் ஆசனத்தில் பட்டி போடாமல்தான் இருந்தார்.

பக்கத்திலுள்ள ஆரையம்பதி வரைதானே என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் இருக்கும் அம்மம்மாவுக்கும் பட்டியைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.