பிஞ்சில் பறித்த காய்

(பங்கின் வெள்ளிவிழாவையொட்டி நடந்த இளையோர் மாலையில் ஆற்றிய உரை)



விழாக்குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'விளையாட்டும் இளைஞரும்'. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாகக் கோப்பை வென்றவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நானோ, தோற்றுப்போனவன் என்று உலகம் இருபது ஆண்டுகளாகச் சிரித்த ஒருவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். "சார், பையன் நல்ல உயரமா வளந்துட்டான். பதினொன்றாம் வகுப்போட படிப்பை நிறுத்திட்டு வெளியூர் டீமுக்கு அனுப்பச் சொல்றாங்க. தங்க இடமும் தர்றாங்களாம், மாசம் பணமும் தர்றாங்களாம். அனுப்பலாமா சார்?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் டிரில் வாத்தியாராக இருந்தவன் நான். ஆனாலும் எனக்கு உடனே பதில் வரவில்லை. "இரண்டு நாள் பொறும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்த பெயர் குவாமே பிரௌன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிரன்ஸ்விக் என்ற சிறிய கடற்கரை ஊர். அங்கே விடுதி அறைகளைச் சுத்தம் செய்து பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் மகன் குவாமே. 1982-ல் பிறந்தவன். பள்ளி முடிக்கும்போதே உயரம் ஆறடி பதினோரு அங்குலம். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆடுவதாக முதலில் வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் அதற்குள் கோடிகள் கதவைத் தட்டின. வீட்டு நிலைமையை எண்ணிப் பாருங்கள். முதுகு ஒடிய உழைக்கும் தாயைப் பார்த்து வளர்ந்த பையன், கல்லூரியா, கோடியா என்று எத்தனை நாள் யோசிப்பான்? அவனைப் பேராசைக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.யில் ஆண்டுக்கொரு முறை புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாள் ஒன்று உண்டு. அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 2001-ம் ஆண்டு குலுக்கலில் முதல் இடம் வாஷிங்டன் விஸார்ட்ஸ் அணிக்கு விழுந்தது. முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களில் 19 மட்டுமே வென்ற அணி அது. அதன் நிர்வாகத்தில் தலைமை வகித்தவர் மைக்கேல் ஜோர்டன். கூடைப்பந்து தெரியாத வீட்டிலும் தெரிந்த பெயர். சோதனை ஆட்டத்தில், தன்னைப் போலவே பள்ளியிலிருந்து வந்த டைசன் சாண்ட்லரை குவாமே மடக்கி ஆடினான். என்னைத் தேர்ந்தெடுத்தால் ஒருநாளும் வருந்த மாட்டீர்கள் என்று பயிற்சியாளர் டக் காலின்ஸிடம் சொன்னான். பத்தொன்பது வயதுப் பையன் வேறென்ன சொல்வான்? அவனையே முதலில் எடுத்தார்கள். பள்ளியிலிருந்து நேரே வந்து முதலிடத்தில் எடுக்கப்பட்ட முதல் ஆள் அவன்தான். அந்த ஆண்டு முதல் நான்கு பேரில் மூவர் பள்ளிப் பிள்ளைகள்.

இதில் ஒரு சிறு வரலாறு இருக்கிறது. பள்ளி வகுப்பு முடிந்து நான்கு ஆண்டு ஆகாமல் யாரையும் சேர்ப்பதில்லை என்று ஒரு காலத்தில் அந்தச் சங்கம் விதி வைத்திருந்தது. ஸ்பென்சர் ஹேவுட் என்ற வீரர் வழக்குத் தொடுத்து, 1971-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த விதியை உடைத்தார். 1974-ல் மோசஸ் மலோன் பள்ளியிலிருந்தே அப்போதிருந்த போட்டிச் சங்கத்துக்குப் போனார். பின்னாளில் மூன்று முறை சிறந்த வீரர் விருதும் பெற்றார். 1975-ல் இருவர் அதே வழியில் என்.பி.ஏ.க்கு வந்தார்கள். அதன்பின் இருபது ஆண்டுகள் ஏறத்தாழ மூடிக்கிடந்த கதவை 1995-ல் கெவின் கார்னெட் திறந்தார். அடுத்த ஆண்டு கோபி பிரையன்ட் வந்தார். இவர்கள் ஜொலித்ததும், உயரமான பையன் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஜொலித்தவர்களின் முகம் மட்டும்தானே பத்திரிகையில் வரும்!

குவாமே வாஷிங்டன் போய்ச் சேர்ந்தான். சில மாதங்களில் ஜோர்டன் நிர்வாக நாற்காலியை விட்டுவிட்டு, 38 வயதில், மறுபடி ஆடுகளத்தில் இறங்கினார். இங்கேதான் பையனுக்குச் சோதனை வந்தது என்பது என் எண்ணம். தேர்ந்தெடுத்தவர் அலுவலகத்தில் இருந்தால் பொறுமையாகக் காத்திருப்பார். அவரே பக்கத்தில் நின்று ஆடினால்? அவருக்கு முழங்கால் வலி. மிஞ்சியிருக்கும் காலமோ கொஞ்சம். இன்றே வெல்ல வேண்டும். பையனுக்கோ ஐந்து ஆண்டு வேண்டும். இரண்டு கடிகாரங்களை ஒரே சுவரில் மாட்டிய கதை இது.

அவன் கைகள் அவன் உயரத்துக்குச் சிறியவை. வேகமாக வரும் பந்து நழுவும். நழுவிய ஒவ்வொரு முறையும் அரங்கம் முழுவதும் சிரிப்பொலி. பயிற்சியில் ஜோர்டன் அவனைக் கடுஞ்சொற்களால் வதைத்தார் என்று அந்நாளில் எழுதினார்கள். அழவைத்தார் என்றுகூட ஒரு கதை உண்டு; குவாமே அதை ஒப்புக்கொள்வதில்லை. நடந்தது எதுவானாலும், முதல் பருவத்தில் அவன் ஆடியது 57 ஆட்டங்கள்; ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்தது 4.5 புள்ளிகள். ஆட விட்ட நேரம் 48 நிமிடத்தில் 14 நிமிடம்.

ஆட்டத்தைவிடப் பெரிய தொல்லை வெளியில் இருந்தது. தாயின் கைச்சோறு உண்டு வளர்ந்த பையன் முதன்முதலாகப் பெரிய நகரத்தில் தனியாகக் குடியிருக்கிறான். கடைக்குப் போய் என்ன வாங்குவது, எதைச் சமைப்பது என்று தெரியவில்லை. பொரித்த கோழியைக் காலையும் மாலையும் தின்று வந்தான். பிறகு அணியின் ஆட்களே கடைத்தெருவுக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் பையனுக்கு உலைவைக்கத் தெரியுமா என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள்!

அப்படியானால் கோபி பிரையன்ட் எப்படித் தேறினார் என்று யாராவது கேட்கலாம். அவரும் முதல் ஆண்டு பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம்போலத்தான் கிடைத்தது. ஆனால் அவருடைய தந்தையே தொழில்முறை ஆட்டக்காரர். மகன் லாஸ் ஏஞ்சலீசுக்குப் போனபோது பெற்றோரும் கூடவே குடியேறினார்கள். இரவு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இருந்தது. இந்த வேற்றுமையைப் புள்ளிவிவரப் புத்தகத்தில் காண முடியாது.

இன்னொருவர் கதை இதைவிட உதவும். ஜெர்மேன் ஓ'நீல் 1996-ல் பள்ளியிலிருந்தே போர்ட்லண்ட் அணிக்குப் போனவர். களத்தில் முதன்முறை இறங்கியபோது அவர் பதினெட்டு வயதைக் கடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த அணியிலோ சபோனிஸ் போன்ற மலைகள். நான்கு ஆண்டுகள், ஆம், நான்கு முழு ஆண்டுகள், பெரும்பாலும் பெஞ்சில் கழித்தார். சராசரி நான்கு புள்ளிகூட இல்லை. இவன் தேறமாட்டான் என்று பலர் எழுதிவிட்டார்கள். 2000-ல் அவரை இண்டியானா அணிக்கு மாற்றினார்கள். அங்கே இடம் காலியாக இருந்தது, ஆட விட்டார்கள். முதல் பருவத்திலேயே ஏறத்தாழ 13 புள்ளியும் 10 மீள்பந்தும் எடுத்தார். 2002-ல் மிகவும் முன்னேறிய வீரர் என்ற விருது. அந்த ஆண்டு தொடங்கி ஆறு முறை நட்சத்திர அணியில் இடம். ஆளும் அதே ஆள், கையும் அதே கை. பெஞ்சில் உட்கார்ந்த நான்கு ஆண்டும் வீண் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களோடு பயிற்சி செய்து உடம்பு உரமேறியிருக்கும். ஆனால் நிமிடங்கள் கிடைக்காமல் அவர் யார் என்பது உலகத்துக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

நெடிய ஆட்டக்காரர்களுக்குப் பக்குவம் வரத் தாமதமாகும். இது என் அனுபவம். எலும்பு முதலில் ஓடிவிடும். தசையும் கால்நடையும் பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு வரும். பள்ளியில் எல்லாரையும்விடத் தலை உயரம் என்பதால் அவன் காலடி வேலையைக் கற்றுக்கொள்வதே இல்லை. கை தூக்கினால் போதும், புள்ளி. பெரியவர்கள் நடுவே போனால் எல்லாரும் அதே உயரம். அவனிடம் இருந்த ஒரே ஆயுதம் போய்விடுகிறது. அப்போது அவன் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும், பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க. 2001-ல் அங்கே இதற்கு மாற்றிடமும் கிடையாது. வளர்ச்சிக் கழகம் என்று ஒன்றை அந்த ஆண்டுதான் எட்டு அணிகளோடு தொடங்கினார்கள். இளம் வீரர்களைப் பழகிவர அங்கே அனுப்பும் வழியோ 2005-ல்தான் வந்தது. அதே 2005 ஒப்பந்தத்தில், பத்தொன்பது வயதும் பள்ளி முடிந்து ஓராண்டும் ஆகவேண்டும் என்றும் விதி செய்தார்கள். பிறகு 2020-ல் பதினெட்டு வயதினருக்கென்றே ஊதியத்தோடு ஓர் அணி ஏற்படுத்தினார்கள்; அதையும் 2024-ல் மூடிவிட்டார்கள். பணமும் அறிவும் குவிந்த அந்த நாடே இதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் நாட்டுப் பையன் ஒருவனையும் சொல்லவேண்டும். பஞ்சாபில் பல்லோ கே என்ற சிற்றூர்ப் பிள்ளை சத்னாம் சிங். ஏழடி இரண்டங்குலம். 2010-ல், பதினான்கு வயதில், உதவித்தொகை பெற்று ஃபுளோரிடாவிலுள்ள விளையாட்டுப் பள்ளிக்குப் போனான். அப்போது ஆங்கிலம் தெரியாது. 2015-ல் டல்லாஸ் அணி 52-வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. அணியால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆள் அவன்தான். நாமெல்லாம் கைதட்டினோம். பிறகு இரண்டு பருவம் வளர்ச்சிக் கழகத்தில், பெரும்பாலும் பெஞ்சில். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. பிற்காலத்தில் தொழில்முறை மல்யுத்த மேடைக்குப் போய்விட்டான். கைதட்டிய நாம் அதன்பின் அவனைப் பற்றி விசாரித்தோமா?

குவாமேக்குத் திரும்புகிறேன். அவன் ஒன்றுமே ஆடவில்லை என்பது பொய். 2003-04 பருவத்தில் ஆட்டத்துக்கு 10.9 புள்ளி, 7.4 மீள்பந்து. அந்தப் பருவத்தில் சாக்ரமெண்டோ அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 30 புள்ளியும் 19 மீள்பந்தும் எடுத்தான். அந்த இரவு நீடிக்கவில்லை. 2005-ல் அணியோடு மனக்கசப்பு. லாஸ் ஏஞ்சலீசுக்கு மாற்றினார்கள். பிறகு மெம்ஃபிஸ், டெட்ராய்ட், சார்லட், கோல்டன் ஸ்டேட், ஃபிலடெல்ஃபியா. ஊர் ஊராகப் பன்னிரண்டு பருவங்கள், 607 ஆட்டங்கள். இதைத் தோல்வி என்கிறார்கள்! வேறு எந்த வேலையில் பன்னிரண்டு ஆண்டு நின்றவனைத் தோற்றவன் என்போம்? நாற்பதாவது இடத்தில் எடுக்கப்பட்டிருந்தால் உழைப்பாளி என்று புகழ்ந்திருப்பார்கள். முதலிடம் என்ற பட்டயம்தான் அவன் முதுகில் கல்லாக ஏறியது. 2021-ல், ஓய்வுபெற்றுப் பல ஆண்டு கழித்து, தன்னைக் கேலி செய்தவர்களுக்கு அவன் பொதுவில் பதில் பேசினான். குரலில் கோபம் கொதித்தது. முப்பத்தொன்பது வயது ஆளின் குரலில் பத்தொன்பது வயதுப் பையனின் வலி கேட்டது.

இதைக் கேட்டபோது என் மனம் ஏன் உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பழக்கிய ஒரு நெட்டைப் பையனுக்கும் பந்து கையில் நிற்காது. ஒரு திருவிழா ஆட்டத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கடைசி நிமிடத்தில் பந்தை விட்டுவிட்டான். நான் கோட்டருகே நின்று அவனைத் திட்டினேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறுநாள் பயிற்சிக்கு அவன் வரவில்லை; அதற்குப் பிறகும் வரவில்லை. இப்போது லாரி ஓட்டுகிறான். வழியில் கண்டால் வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்பான். பிள்ளைகள், குடும்பம், எல்லாம் பேசுவான். பந்தைப் பற்றி மட்டும் பேசமாட்டான். நானும் கேட்பதில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்து, ஒவ்வொரு முறையும் லாரி புறப்பட்டுவிடுகிறது.

அந்தத் தாய்க்கு மூன்றாம் நாள் பதில் சொன்னேன். போ என்றோ, போகாதே என்றோ சொல்லவில்லை. மாதப் பணம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, கூப்பிடுகிறவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். பையன் யாரோடு தங்குவான், யார் சோறு போடுவார்கள்? பன்னிரண்டாம் வகுப்பை அங்கே எந்தப் பள்ளியில் முடிப்பான்? முழங்காலில் அடிபட்டால் செலவு யாருடையது? வாரத்துக்கு எத்தனை ஆட்டத்தில், எத்தனை நிமிடம் களத்தில் இறக்குவார்கள்?

அவர் இன்று மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். முதல் மூன்று கேள்விக்கும் பதில் எழுதி வாங்கிவந்துவிட்டார். நான்காவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பையன் நாளை மாலை ஐந்தரை மணிக்கு வழக்கம்போல நம் கோவில் மைதானத்துக்கு வருவான். நானும் வருவேன்.